கிளட்ச் சுவிட்சை டைரக்ட் பண்றப்போ நடக்குற தப்புங்க

எங்க சித்தப்பா வீட்டு கார் போர்ச்ல நின்ன இடத்துலயே ஒரு குதி குதிச்சு கேட்டுல இடிச்சிடுச்சு. வண்டிக்குள்ள ஆளே இல்ல. தம்பி வெளிய நின்னுட்டு ஜன்னல் வழியா கையை விட்டு பாட்டு போடலாம்னு சாவியைத் திருப்பியிருக்கான், கொஞ்சம் கூடுதலா திரும்பிடுச்சு, வண்டி ஃபர்ஸ்ட் கியர்ல கிடந்துச்சு. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் சித்தி அதே கேட்டு பக்கத்துல உக்காந்து கோலம் போட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் டேஷ்போர்டுக்கு கீழ தலையை விட்டு பாத்தா கிளட்ச் சுவிட்சுக்கு போற ரெண்டு வயரையும் முறுக்கி கறுப்பு டேப் சுத்தி வெச்சிருக்கு. ஆறு மாசம் முன்ன ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு கடையில விட்டப்போ "டைரக்ட் பண்ணி விட்டுட்டேன் சார், இனிமே பிரச்சனை வராது"ன்னு சொன்னது இதைத்தான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கிளட்ச் பெடலோட மேல் பக்கம், பிராக்கெட்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெடலை முழுசா மிதிச்சாத்தான் ஸ்டார்ட்டர் ரிலேக்கு, அதாவது ஸ்டார்ட்டர் மோட்டாரை ஆன் பண்ற மின் சுவிட்சுக்கு, கரண்ட் போகும், மிதிக்காம சாவியைத் திருப்புனா ஒண்ணும் நடக்காது. டைரக்ட் பண்றதுன்னா அந்த ரெண்டு வயரையும் நேரா சேத்து, இந்த சுவிட்சே இல்லாத மாதிரி ஆக்கிடுறது. மாருதி 800, அம்பாசிடர் காலத்து வண்டிங்கள்ல இது கிடையாது, அதனாலதான் அந்தக் காலத்து டிரைவருங்க நியூட்ரலான்னு கியர் லிவரை ஒருதடவ ஆட்டிப் பாக்காம சாவியைத் தொடவே மாட்டாங்க. இப்போ ஓட்டுற நிறைய பேருக்கு அந்தப் பழக்கம் இல்ல, ஏன்னா சுவிட்ச் பாத்துக்குது. அந்த சுவிட்சை எடுத்துட்டா பழக்கமும் இல்ல, பாதுகாப்பும் இல்ல.

முதல் தப்பு, சுவிட்ச்தான் போச்சான்னு பாக்காமலே டைரக்ட் பண்றது. சாவியைத் திருப்புறப்போ ரிலேல இருந்து டிக்னு சத்தம் வருதான்னு கேளுங்க, வந்துச்சுன்னா பெரும்பாலான வண்டிங்கள்ல கிளட்ச் சுவிட்ச் தன் வேலையைப் பண்ணிடுச்சுன்னு அர்த்தம், பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் போய் தேடுங்க. சத்தமே இல்லன்னா முதல்ல கால் மிதியடியைப் பாருங்க. கனமா ஒரு மேட் வாங்கிப் போட்டு அது பெடலுக்குப் பின்னாடி மடங்கிக்கிட்டா பெடல் கடைசி வரைக்கும் போகாது, சுவிட்ச் அமுங்காது, வண்டி ஸ்டார்ட் ஆகாது, இதுக்காக வயரை வெட்டுனவங்களை எனக்குத் தெரியும். அடுத்தது ஸ்டாப்பர். பெடல் கம்பியில ஒரு ஓட்டை, அதுல ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒரு சின்ன பட்டன் மாதிரி இருக்கும், அதுதான் சுவிட்சோட ஊசியைப் போய் அமுக்கும். பல வருஷ சூட்டுல அது பொடிஞ்சு விழுந்துடும், அப்புறம் ஊசி நேரா அந்த ஓட்டைக்குள்ள போயிடும், சுவிட்ச் அமுங்கவே அமுங்காது. மேட் மேல பொடிப்பொடியா பிளாஸ்டிக் துண்டு கிடந்தா இதுதான்னு சந்தேகப்படுங்க. சித்தப்பா வண்டியில நடந்தது இதேதான், சுவிட்ச் நல்லா இருந்துச்சு, மல்டிமீட்டர் வெச்சா கையால அமுக்குறப்போ பீப்னு கத்துச்சு, விடுறப்போ நிக்குது. அந்த ஸ்டாப்பரை மாத்தாம கேட்டையும் பம்பரையும் மாத்துற மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டாவது, தப்பான சுவிட்சைப் பிடிக்கிறது. நிறைய வண்டியில கிளட்ச் பெடலுக்கு ரெண்டு சுவிட்ச் இருக்கும். ஒண்ணு பெடல் அடியில போறப்போ வேலை செய்யுறது, அது ஸ்டார்ட்டருக்கு. இன்னொண்ணு பெடலை லேசா தொட்டாலே மாறுறது, அது குரூஸ் கண்ட்ரோலை (ஆக்சிலேட்டர் மிதிக்காமலே ஒரே வேகத்துல போக வைக்கிறது) கட் பண்ணவும் இன்ஜின் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டருக்கு, தகவல் சொல்லவும். இந்த ரெண்டாவதை ஷார்ட் பண்ணிட்டீங்கன்னா வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது, ஹைவேல குரூஸ் போட்டுப் போறப்போ கிளட்ச் மிதிச்சா குரூஸ் விடாம இன்ஜின் மட்டும் கத்திட்டு மேல ஏறலாம். ஒயரிங் டயகிராம் பாக்காம கலரை வெச்சு யூகிச்சு வேலை செய்யாதீங்க.

புது வண்டிங்கள்ல இன்னும் சிக்கல். அங்க சுவிட்ச் நேரா ரிலேக்கு போகாம ஈசியூவுக்கு சிக்னல் கொடுக்குது. நீங்க ஷார்ட் பண்ணிட்டா கம்ப்யூட்டருக்கு கிளட்ச் எப்பவும் மிதிச்சே இருக்குன்னு தெரியும், கியர் மாத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டியும் பெடல் மேலயே வரலன்னா அது சும்மா இருக்காது, பி0704, பி0830, பி0833 இந்த மாதிரி கிளட்ச் சுவிட்ச் கோளாறுக்கான கோடு விழலாம், செக் இன்ஜின் லைட் எரியலாம். சிக்னல்ல நின்னா தானா ஆஃப் ஆகி கிளட்ச் மிதிச்சா தானா ஸ்டார்ட் ஆகுற வண்டிங்க இருக்கே, அதுல கிளட்ச் சுவிட்ச்தான் மூளைக்கு கண்ணு மாதிரி. அதுல தயவுசெஞ்சு கை வெக்காதீங்க.

வயர் வேலையும் ஒழுங்கா பண்றது இல்ல. பேப்பர் கிளிப்பை வளைச்சு கனெக்டர்ல சொருகி விட்டதை நானே பாத்திருக்கேன். ரிலே காயிலுக்கு போற லைன்னா அதுல ஓடுறது ஒரு ஆம்பியருக்கும் கம்மி, ஆனா சில பழைய வண்டிங்கள்ல ஸ்டார்ட்டர் மேல இருக்குற சாலினாய்டோட (ஸ்டார்ட்டரை இன்ஜினோட கோக்குற மின்காந்தம்) பெரிய கரண்டே அந்த சுவிட்ச் வழியாத்தான் போகும், மெல்லிசு வயர் சூடாகி உருகிடும், அதுவும் உங்க கால் முட்டிக்கு மேல.

மேனுவல் கியர் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட் மாட்டணும்னு இதை டைரக்ட் பண்றது எனக்கு எல்லாத்தையும் விட பயம். ரோட்டு சரிவுல கியர்ல போட்டு நிறுத்துறது நம்ம ஊர்ல சாதாரணம். மாடியில இருந்து ஒருத்தர் பட்டனை அமுக்குறார், கீழ வண்டி முன்னாடி யார் நிக்கிறாங்கன்னு அவருக்குத் தெரியாது. டீசல் வண்டின்னா டக்குனு இன்ஜின் பிடிச்சுக்கிட்டு அப்படியே போயிடும்.

"நடுவழியில கிளட்ச் கேபிள் அறுந்தா கியர்லயே ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்கு வரணுமே, அதுக்காக வேணும்"னு சிலர் சொல்றாங்க. கேபிள் அறுந்தா பெடல் தடையே இல்லாம அடி வரைக்கும் போயிடும், சுவிட்ச் தானா அமுங்கிடும், அதுக்கு டைரக்ட் பண்ணவே தேவையில்ல. இதுல இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும், இந்த சுவிட்ச் பெடலைத்தான் பாக்குது, கிளட்ச் உண்மையிலேயே விலகிச்சான்னு பாக்காது. கிளட்ச் ஆயில் கசிஞ்சிருந்தா பெடலை மிதிச்சாலும் வண்டி குதிக்கும், அதனால சுவிட்ச் இருந்தாலும் கியரை ஆட்டிப் பாக்குறது நல்லது.

சுவிட்சை டைரக்ட் பண்றதுக்கு இன்ஜின் பிரியருங்க சொல்ற காரணத்துல ஞாயம் இருக்கு. கிளட்ச் மிதிச்சு ஸ்டார்ட் பண்றப்போ கிராங்க் ஷாஃப்ட் முன்னாடி பின்னாடி நகராம பிடிச்சிருக்குற த்ரஸ்ட் பேரிங் மேல ஆயில் வர்றதுக்கு முன்னாடியே லோடு விழுது. 1990கள்ல வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் 4ஜி63 இன்ஜின்ல இந்த பேரிங் தேயுற பிரச்சனை பேர் போனது, அதை வெச்சிருந்தவங்க நிறைய பேர் சுவிட்சை டைரக்ட் பண்ணாங்க. ஆனா கம்பெனி கிளட்ச் போட்ட நம்ம தினசரி வண்டிக்கு இதுல கிடைக்கிற லாபம் ரொம்ப சின்னதுன்னு நினைக்கிறேன். அப்படியும் வேணும்னா, கரடுமுரடான மலைப்பாதை ஓட்டுறவங்களுக்காக டொயோட்டா டகோமா பிக்கப் வண்டியில கம்பெனியே கொடுத்த மாதிரி, தேவைப்படுறப்போ மட்டும் டிரைவர் சீட்ல உக்காந்து அமுக்குற பட்டனா வைங்க. அமுக்குற வரைக்கும்தான் வேலை செய்யணும், விட்டா பழையபடி ஆயிடணும். ரோட்ல வண்டி நின்னு வேற வழியே இல்லாம டைரக்ட் பண்ணீங்கன்னா ஸ்டீயரிங்ல ஒரு பேப்பர் எழுதி ஒட்டுங்க. வாட்டர் வாஷ் பையன், ஹோட்டல்ல வண்டி எடுத்து விடுறவர், மெக்கானிக், இவங்க யாருக்கும் உங்க வண்டியோட கதை தெரியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்கன்னா இதையும் ஒருதடவ பாருங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல வெச்சு, வண்டிக்கு முன்னாடி பின்னாடி யாரும் இல்லன்னு பாத்துட்டு, கிளட்ச் மிதிக்காம சாவியைத் திருப்புங்க. அதே மாடல், அதே வேரியன்ட்ல கிளட்ச் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும்னு மேனுவல்ல இருந்து, இந்த வண்டி மட்டும் மிதிக்காமலே சுத்துச்சுன்னா டேஷ்போர்டுக்கு கீழ டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்தக் கறுப்பு டேப் அங்கதான் இருக்கும்.