வயிற்று நோயாளியைப் பராமரித்தல்: முதலில் கண், அடுத்து காது, பிறகே கை

செரிமானக் கோளாறுடன் படுத்திருப்பவரின் வயிற்றில் கை வைப்பதற்கு முன் செவிலியர் செய்ய வேண்டியவை இரண்டு. வயிறு உப்பியிருக்கிறதா, பழைய அறுவைத் தழும்பு உள்ளதா, மூச்சோடு சேர்ந்து வயிறு அசைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குடல் ஒலியைக் கேட்க வேண்டும். நெஞ்சைப் பரிசோதிக்கும்போது தொட்டும் தட்டியும் பார்த்த பிறகே ஒலி கேட்கிறோம். வயிற்றில் அந்த வரிசை மாறுவதற்குக் காரணம், அழுத்திப் பார்த்தால் குடலின் ஒலியே மாறிவிடக்கூடும் என்பதுதான். அரை நிமிடம் கேட்டுவிட்டு 'ஒலி இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. 5 நிமிடம் வரை பொறுத்துக் கேட்ட பிறகே அப்படிப் பதிவு செய்யலாம். தொடும்போது, வலிப்பதாக நோயாளி காட்டும் இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதலிலேயே அங்கே அழுத்தினால் தசை இறுகிக்கொள்ளும், மற்ற இடங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

வாந்தியையும் மலத்தையும் பார்க்காமல் கொட்டிவிடுவதுதான் இந்தப் பணியில் நேரும் பெரிய தவறு என்பேன். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, தனி நாற்றத்துடன் போகும் மலம், பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிவதன் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருப்பதில்லை. ஆகவே 'கறுப்பு மலம்' என்று மட்டும் எழுதாமல், தன்மை, அளவு, நேரம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். வாந்தி காப்பித்தூள் கலந்தது போல இருந்தாலோ, நாடி வேகமாகி இரத்த அழுத்தம் இறங்கினாலோ, எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கில், உள்ளே போன நீரும் வெளியேறிய நீரும் மில்லிலிட்டர் கணக்கில் குறிப்பேட்டில் ஏற வேண்டும். வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. சிறுநீராவது வர வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மி.லி. இதற்குக் கீழே போனால் நீரிழப்பு முற்றுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுசிறு மிடறாகக் கொடுக்க வேண்டும்; வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, முன்னைவிட மெதுவாகத் தொடரலாம். ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலைத் துடைத்துத் தேய்க்காமல், நீரால் கழுவி ஒற்றி உலர்த்தி, பாதுகாப்புக் களிம்பு பூச வேண்டும். கைகளுக்குச் சோப்பும் நீரும்தான் ஏற்றவை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துக்களை ஆல்கஹால் திரவம் கொல்வதில்லை.

மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டிருந்தால், காற்றைச் செலுத்தி வயிற்றில் 'குபுக்' என்ற ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்த ஒலி ஏமாற்றும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டுவது; அமிலம் கூடக் கூட இது குறையும்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழாய் இரைப்பையில் இருப்பதாகக் கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அளவு கூடித் தெரியலாம் என்பதால், ஐயம் இருந்தால் எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. உணவு கொடுக்கும்போதும், கொடுத்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும், தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும். இடையில் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

காரணம் தெரியாத கடும் வயிற்றுவலிக்குப் பேதி மருந்து, எனிமா, வெந்நீர்ப் பை ஆகிய மூன்றும் ஆகாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் அது வெடிக்கக்கூடும்.

வயிற்றில் செயற்கை மலத்துளை வைக்கப்பட்டவரிடம் மட்டும் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். துளையின் விளிம்பு இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ ஈரத்துடன் இருப்பதே இயல்பு. நீலம் பாய்ந்தாலும் கறுத்தாலும் இரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள், அதை அப்போதே தெரிவிக்க வேண்டும். துளையின் மேல் ஒட்டியிருக்கும், மலம் சேரும் பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட்டால் எடை தாங்காமல் பிரிந்து கசியாது. முதன்முறை பையை மாற்றும்போது நோயாளி பெரும்பாலும் தம் வயிற்றைப் பார்ப்பதில்லை, செவிலியரின் முகத்தைத்தான் பார்க்கிறார். அப்போது மூக்கைச் சுளிக்காமல் வேலையை முடித்துவிட்டால், இரண்டாம் முறை கண்ணாடியைக் கையில் கொடுத்து, பையின் கீழ்முனைப் பிடிப்பை அவரையே திறக்கச் சொல்லலாம்.