கண்மாய்ப் பகுதியில் வீடு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், வைகை கரையை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் அது கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கில் வழிந்து, மறுகால் எனும் தன் பழைய வடிகால் பாதையைத் தேடி வரும் தண்ணீர். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி கால்வாய் நிரம்பித் தெருவுக்கு வந்தது அப்படித்தான். ஒரு கண்மாய் நிறைந்தால் அடுத்ததற்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு என்று தண்ணீரைக் கைமாற்றிக் கொடுக்கும் நிலம் இது. அந்த வரிசையில் நம் மனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பேஸ்மட்டத்தை மட்டும் உயர்த்துவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

தல்லாகுளம், பீ.பீ.குளம், கரிசல்குளம், உலகனேரி, மாடக்குளம் என்று பெயரே நீர்நிலையைச் சொல்லும் இடங்கள் இங்கே ஏராளம். அங்கே வீடே கட்டக்கூடாது என்பதில்லை. பெயரைக் கேட்டதும் ஒருமுறை கூடுதலாக விசாரிக்க வேண்டும். பட்டாவும் மனை அங்கீகாரமும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் சர்வே எண்ணோடு சேர்த்து நான்கு பக்கத்துச் சர்வே எண்களுக்கும் புலப்படம் (நில அளவை வரைபடம்), 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) இரண்டையும் எடுங்கள். வாய்க்கால், ஓடை, கண்மாய் என்ற சொல் அங்கே எங்காவது வந்தால், நிலத்தில் இன்று முள்வேலியும் வேப்பமரமும் நின்றாலும், மழைக்குத் தண்ணீர் அந்த வழிதான் வரும். மனையைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாமல், ஐப்பசி மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

பிறகு மட்டம். கண்மாய் உள்வாய் (தண்ணீர் தேங்கும் பக்கம்) ஓரத்து மனை என்றால், கலுங்கின் உச்சியிலிருந்து மனைவரை ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். கலுங்கு உச்சிதான் கண்மாயின் முழுக் கொள்ளளவு மட்டம். மறுகால் பாயும்போது தண்ணீர் அதற்கு மேலும் ஓர் அடி, இரண்டடி ஏறி நிற்கும். ஆகவே வீட்டின் தரைமட்டம் கலுங்கு உச்சியைவிடக் குறைந்தது 3 அடி மேலே வர வேண்டும். அதற்கு 6, 7 அடி நிரப்ப வேண்டியிருந்தால் அந்த மனையை விட்டுவிடுவது நல்லது. கரைக்குக் கீழே, கண்மாய்த் தண்ணீரில் பாசனமான பழைய ஆயக்கட்டு வயலில் மனை என்றால் சிக்கல் வேறு: அங்கே வெள்ளத்தைவிட ஊற்றுதான் தொல்லை. கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்கள் முழுக்கச் சுவர் ஈரம் உறிஞ்சும். கலுங்குக்கு நேர் எதிரே என்றால் தண்ணீரின் வேகம் அஸ்திவாரத்து மண்ணையே அரித்துக்கொண்டு போகும். அங்கே எந்தப் பேஸ்மட்டமும் காப்பாற்றாது.

தெருவிலிருந்து ஒன்றரை அடி பேஸ்மட்டம் போதும் என்று மேஸ்திரி சொல்வார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தபட்சமாகச் சொல்வதும் 45 செ.மீ. தான்; அது சாதாரண மனைக்கான அளவு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுச் சாலை போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் ஏறும். அக்கம்பக்கத்தில் பழைய வீடுகளின் வாசற்படி எத்தனை புதைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், கணக்குப் புரியும். வெள்ளம் கண்ட தெருவில், பக்கத்து வீட்டுச் சுவரில் உள்ள பழைய தண்ணீர்க் கறைக்கு மேல் 2 அடி வைப்பது பாதுகாப்பு.

உயர்த்துவதிலும் தவறு நடக்கிறது. 800 சதுர அடி வீட்டுக்கு 3 அடி நிரப்ப 2,400 கன அடி, அதாவது 24 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இறுகும் அளவையும் சேர்த்தால் 30 யூனிட் கிராவல் வேண்டும். இதை மொத்தமாகக் கொட்டி, மேலே தண்ணீர் கட்டிவிட்டு டைல்ஸ் ஒட்டினால் இரண்டு மழைக்குள் தரை இறங்கும். முக்கால் அடிக்கு ஓர் அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து இயந்திரத்தால் இடி என்று செய்ய வேண்டும். இடிபாட்டுக் கற்களும் கரிசல் மண்ணும் உள்ளே வரவே கூடாது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அதன் அடையாளம். அங்கே 3 அடி கல் அஸ்திவாரம் நிற்காது. கரிசலைத் தாண்டிச் சுக்கான் பாறை அல்லது கெட்டி மண் வரும்வரை இறங்கிக் கான்கிரீட் தூண் போட்டு, மேலே பிளிந்த் பீமால் (தரைமட்டக் கான்கிரீட் விட்டம்) கட்டி இணைக்க வேண்டும்.

பலரும் அதிகம் நம்புவது காம்பவுண்டுச் சுவரை. உண்மையில் முதலில் விழுவது அதுதான். ஒருபுறம் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் சுமார் 32 கிலோ விசை தள்ளும். தண்ணீர் 3 அடியானால் அது 127 கிலோ. உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. நாலரை அங்குலச் சுவர் அப்படியே சாயும், அதன் பின்னால் நிற்கும் ஆளின் மேலும். தண்ணீர் வரும் திசையிலும் போகும் திசையிலும் தரையை ஒட்டி ஓர் அடி உயரத்துக்குக் கம்பி வலைத் திறப்புகள் விட்டுவிடுங்கள். வாசலில் தண்ணீர் நிற்பது சங்கடம்தான். சுவர் விழுந்து ஒரே அலையாக உள்ளே வருவதைவிட அது மேல்.

கவனத்துக்கு வராத இன்னொன்று தரைக்கடி தொட்டி. உட்புறம் 8×6 அடி, 6 அடி ஆழம், அரை அடி கான்கிரீட் சுவர், மேல்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் எடை சுமார் 10.4 டன். மண் முழுக்க ஊறி நிலத்தடி நீர் மேலே வந்தால் அதைத் தூக்கும் விசை சுமார் 12.5 டன். காலியாக இருந்தால், சுற்றியுள்ள மண்ணின் பிடி ஒன்றைத் தவிர அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. பிளாஸ்டிக் தொட்டியும் ரெடிமேட் செப்டிக் டேங்கும் இன்னும் லேசானவை. மழை எச்சரிக்கை வந்ததும் தொட்டியைக் கழுவக் காலி செய்யாதீர்கள், நிரப்பி வையுங்கள். போர்வெல் கேசிங் தரையோடு மட்டமாக இருந்தால் சாக்கடைத் தண்ணீர் நேரே கீழே இறங்கும். 2 அடி மேலே தூக்கி மூடி போடுங்கள்.

பாதாளச் சாக்கடை நிறைந்தால் கழிவு கீழ்த்தளக் கழிப்பறை வழியாக எதிர்த்து வரும். வெளியே போகும் குழாயில், திறந்து சுத்தம் செய்யக்கூடிய சேம்பருக்குள் கழிவை எதிர்த்து வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடுவது கட்டும்போது சிறு செலவு, பிறகு பெரிய வேலை.

மின்சாரத்தில் ஒரே விதி: வெள்ளக் கறைக்குக் கீழே பிளக் பாயிண்ட், மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி எதுவும் கூடாது. கீழ்த்தளத்துக்குத் தனி சர்க்யூட், மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம். உள்ளே தண்ணீர் ஏறிய பிறகு அதில் நின்றுகொண்டு மெயினை அணைக்கப் போகாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகும் அவசரம் ஆகாது. செல்லர் (நிலத்தடி அறை) இருந்தால் வெளியே தண்ணீர் நிற்கும்போது உள்ளே மட்டும் இறைத்துக் காலியாக்க வேண்டாம். வெளிமண்ணின் அழுத்தத்தில் சுவர் உள்ளே சரியும். வெளித் தண்ணீர் வடிந்தபின் நாளுக்கு ஓர் அடியாக இறையுங்கள். நனைந்த சுவருக்கு உடனே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். உதிரும் பூச்சைத் தட்டி எடுத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, வாரக்கணக்கில் காயவிட்ட பிறகே பூச வேண்டும். மறுபடி பூசும்போது கீழ் 4 அடிக்குப் பட்டியே வேண்டாம், சிமென்ட் பூச்சோ டைல்ஸோ போதும். அலமாரித் தட்டுகள் பிளைவுட்டுக்குப் பதில் கடப்பா கல்லாக இருக்கட்டும்.