கோபேயில் ஒரு நாள்: மலையில் தொடங்கிக் கடலோரத்தில் முடிப்பது எப்படி

சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் ஓசாகாவில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கியோட்டோ, ஒரு நாள் நாரா என்று ஓடி முடித்துவிட்டு, அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோபேயை எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் அவசரமின்றிச் சுற்றிப் பார்க்கவும் பொருள் வாங்கவும் ஒரே ஊர் வேண்டுமென்றால், கோபேயைத்தான் நான் முதலில் சொல்வேன். வடக்கே ரொக்கோ மலைத்தொடர், தெற்கே 1868-இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம். இரண்டுக்கும் நடுவே நகரம் ஒடுங்கிச் சரிந்து கிடக்கிறது. காலையில் மேலே தொடங்கி மாலையில் கடலோரம் முடித்தால் பெரும்பாலும் இறக்கத்திலேயே நடக்கலாம்; வாங்கிய பைகளும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் கைக்கு வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கடைகளில் தொடங்கிப் பிற்பகலில் பைகளோடு மேடு ஏறுவோர் நடுவழியிலேயே ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்திக்கொள்ள நேரிடலாம்.

ஓசாகாவின் உமேடாவிலிருந்து ஹான்கியூ ரயிலில் கோபே-சன்னோமியாவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். ஜேஆர் ரயில் சற்று விரைவாகச் செல்லும், கட்டணம் சற்று அதிகம். நம் ஈசி-லிங்க் அட்டையைப் போலவே தட்டிச் செல்லக்கூடிய ஐக்கோக்கா அட்டையை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் இருவர் நுழைய முடியாது. கடப்பிதழை அறையில் விட்டுவிட வேண்டாம், கடைகளில் அது தேவைப்படும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்குக் குறுகிய காலப் பயணத்திற்கு விசா வேண்டாம் என்றாலும், இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்போரும் முன்கூட்டியே விசா பெற வேண்டும். தம்பதியரில் ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் இன்னொன்றும் இருக்கும் குடும்பங்கள் இதைச் சீக்கிரமே கவனிப்பது நல்லது.

சன்னோமியாவில் இறங்கியதும் கடைகளை நோக்கித் திரும்பாமல், சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம் சென்று ஷின்-கோபேயில் இறங்குங்கள். அங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நிலையத்தின் பின்புறம் தொடங்கும் பாதையில் கால் மணி நேரம் ஏறினால் 43 மீட்டர் உயரமுள்ள நுனோபிக்கி அருவி. இதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் அருகிலுள்ள கம்பிவட ஊர்தியில் ஏறிப் பத்து நிமிடத்தில் மூலிகைத் தோட்டத்தின் உச்சியை அடையலாம். வழியில் அருவி காலடியில் தெரியும், மேலே சென்றால் துறைமுகம் முழுவதும் விரியும். காற்று பலமாக வீசும் நாட்களில் ஊர்தி நிறுத்தப்படுவதுண்டு என்பதால் காலையிலேயே விசாரித்துவிடுங்கள்.

மீண்டும் கீழே ஷின்-கோபேக்கு வந்தால், அங்கிருந்து கித்தானோ பகுதிக்குக் கால் மணி நேர நடை. ஐரோப்பிய, அமெரிக்க வணிகர்களும் தூதர்களும் கட்டிக்கொண்ட வீடுகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. பல வீடுகளுக்குச் சேர்த்து நுழைவுச்சீட்டு விற்பார்கள். அதை வாங்கினால் வாங்கியதற்காகவே எல்லா வீடுகளுக்கும் ஏறி இறங்க வேண்டியிருக்கும், மூன்றாவது வீட்டிலேயே சலித்துவிடும். ஜெர்மன் வணிகர் ஒருவருக்காக 1909-இல் செங்கல்லால் கட்டப்பட்ட காற்றுத்திசைச் சேவல் வீடும், அமெரிக்கத் தலைமைத் துணைத்தூதருக்காக 1903-இல் கட்டப்பட்ட வெளிர்பச்சை வீடும் போதும். இரண்டாவதன் தோட்டத்தில், 1995 நிலநடுக்கத்தில் கூரையிலிருந்து விழுந்த செங்கல் புகைபோக்கியை அப்படியே தரையில் விட்டுவைத்திருக்கிறார்கள். அதே பகுதியில் 1985-இல் எழுப்பப்பட்ட வெண்பளிங்குச் சமணக் கோயிலும், சற்றுக் கீழே 1935-இல் திறக்கப்பட்ட, ஜப்பானின் முதல் பள்ளிவாசலும் இருக்கின்றன. 1923-இல் யோக்கோஹாமாவை நிலநடுக்கம் சிதைத்த பிறகு இந்திய வணிகர்கள் பலர் இங்கே குடிபெயர்ந்தார்கள். அவர்கள் வேரூன்றிய இடம் இது.

அதனால் மதிய உணவை இந்தப் பகுதியிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். கோபே என்றதும் மாட்டிறைச்சியைத்தான் உலகம் பேசுகிறது. அது வேண்டாதவர்களுக்கும் ஊரில் குறை இல்லை, இந்திய உணவகங்களும் ஹலால் உணவகங்களும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. சைவம் உண்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்: ஜப்பானியச் சமையலில் சூப்புக்கும் குழம்புக்கும் அடித்தளமாக இருப்பது பெரும்பாலும் தாஷி எனப்படும் சாறு, காயவைத்துச் சீவிய மீனைக் கொதிக்கவைத்து அதை எடுக்கிறார்கள். கிண்ணத்தில் காய்கறியும் டோஃபுவும் மட்டுமே மிதந்தாலும் சாற்றில் மீன் இருக்கலாம். இறைச்சி உண்டா என்று மட்டும் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். மீன் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை ஜப்பானிய மொழியில் எழுதிக் கைத்தொலைபேசியில் வைத்திருப்பது நல்லது.

சாப்பிட்ட பின் டோர் ரோடு வழியாக இறங்குங்கள். சாலை டைமாரு பேரங்காடிக்கு அருகில் முடியும். அதைச் சுற்றியுள்ள பழைய வெளிநாட்டவர் குடியிருப்பில் கற்கட்டடங்களும் விலையுயர்ந்த கடைகளும், மேற்கே கூரை வேய்ந்த நீண்ட மொத்தோமாச்சி கடைத்தெருவும் உள்ளன. பக்கத்திலேயே இருக்கும் நான்கின்மாச்சி சீனர் வட்டாரத்தை நாம் கடந்து போய்விடலாம். நம் சைனாடவுனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மிகச் சிறியது.

கோபேயில் வாங்கத்தக்கது முத்து. கடலில் வளர்க்கப்படும் அக்கோயா முத்துகளைத் தரம் பிரித்து, துளையிட்டு, கோத்து உலகெங்கும் அனுப்பும் தொழில் இந்த ஊரில்தான் திரண்டிருக்கிறது. மலையில் பட்டு வரும் மென்மையான வடக்கு வெளிச்சம் நிறம் பிரிக்க ஏற்றது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மாலையைக் கடை விளக்கின் கீழ் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், சன்னலோரம் கொண்டு சென்று பார்க்கக் கேளுங்கள். நல்ல முத்தில் உங்கள் முகத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். மங்கலாகப் பால்போல் தெரிந்தால் மேற்பூச்சு மெல்லியது. வெள்ளைத் துணியில் மாலையை மெதுவாக உருட்டினால் உருண்டையல்லாத முத்துகள் தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிச்சு இருந்தால் நூல் அறுந்தாலும் மொத்தமும் சிதறாது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் செய்கூலியைக் குறைக்கச் சொல்வதுபோல் இங்கே பேரம் பேசும் வழக்கமில்லை. முத்தில் ஆர்வமில்லாத துணையைக் கடைக்குள் உட்காரவைப்பதைவிட, ஒரு மணி நேரம் பிரிந்து சென்று டைமாரு வாசலில் சந்திப்பதாகச் சொல்லிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி. அந்தப் பேரங்காடியின் அடித்தளத்தில் பலகாரக் கடைகள் உள்ளன; 1923 நிலநடுக்கத்துக்குப் பின் கோபேக்கு வந்த ஜெர்மன் ரொட்டிக்காரர் யூஹைமின் பெயரில் விற்கும் பாம்கூகன் கேக் உறவினர்களுக்கு வாங்க ஏற்றது, ஆனால் அதில் முட்டை உண்டு.

வரி விலக்கு வேண்டுமெனில் ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்காவது வாங்கியிருக்க வேண்டும். 2026 அக்டோபர் வரை கடையிலேயே 10 விழுக்காட்டு வரியைக் கழிப்பார்கள். 2026 நவம்பர் 1 முதல் வரியோடு முழு விலையையும் செலுத்தி, நாட்டைவிட்டுப் புறப்படும்போது சுங்கத்துறை சரிபார்த்த பிறகே பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே அந்தத் தேதிக்குப் பின் செல்வோர் விமான நிலையத்திற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும், வாங்கிய பொருளை எடுத்துக் காட்டும் வகையில் வைத்திருக்கவும் வேண்டும்.

வெயில் தணியும் நேரத்தில் மெரிக்கென் பூங்காவுக்கு நடந்து செல்லுங்கள். 108 மீட்டர் உயரச் சிவப்புத் துறைமுகக் கோபுரம் 1963-இல் கட்டப்பட்டு, சீரமைப்புக்குப் பின் 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது. விளக்கேற்றிய நகரை மேலிருந்து பார்க்க இருட்டும் நேரமே பொருத்தம். அதற்கு முன், பூங்காவின் ஓரத்தில் உடைந்த நிலையிலேயே பாதுகாக்கப்படும் துறைமுக மேடையைத் தவறாமல் பாருங்கள். காங்கிரீட் பலகைகள் பிளந்து ஒன்றின்மேல் ஒன்று சாய, விளக்குக் கம்பங்கள் கோணலாக நிற்க, பிளவுகளில் கடல் நீர் ஏறி இறங்குகிறது. 1995 ஜனவரி 17 விடிகாலை 5.46-க்கு நேர்ந்த அந்த நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரவு உணவை அருகிலுள்ள ஹார்பர்லாந்தில் முடித்துவிட்டு, சன்னோமியாவுக்குத் திரும்பாமல் பக்கத்திலுள்ள ஜேஆர் கோபே நிலையத்திலிருந்தே ஓசாகா ரயிலைப் பிடியுங்கள். முத்து வாங்கியவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தவர்களுக்குச் சாங்கியில் 500 வெள்ளி வரையிலான பொருளுக்குப் பொருள் சேவை வரி விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 9 விழுக்காடு செலுத்த வேண்டும். வேலை அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி போன்றவற்றில் இருப்போருக்கு அந்த 500 வெள்ளி விலக்கும் கிடையாது என்பதால், நகையை யார் பெயரில் வாங்குவது என்பதைக் கடையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.