பச்சை டிக்கை நம்பி உட்கார வேண்டாம்: கிளவுடில் டிஆர் மென்பொருள் நிறுவும்போது நடக்கும் தவறுகள்

அமேசான் கிளவுடின் மும்பை ரீஜியனில் (ஒரு பகுதியிலுள்ள தரவு மையங்களின் தொகுதி) ஓடிக்கொண்டிருந்த ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தின் பில்லிங் சர்வருக்கு, ஹைதராபாத் ரீஜியனில் டிஆர், அதாவது பேரிடர் மீட்பு ஏற்பாடு, செய்து கொடுத்திருந்தோம். மென்பொருள் அமேசானின் எலாஸ்டிக் டிசாஸ்டர் ரெக்கவரி. சர்வரில் நிறுவும் அதன் நிரல், ஏஜென்ட், டிஸ்க்கில் மாறுவதையெல்லாம் அந்தப் பக்கம் நகலெடுத்துக்கொண்டே இருக்கும்; இதற்குத்தான் ரெப்ளிகேஷன் என்று பெயர். ஏஜென்ட் போட்டு நான்கு மாதம் ஓடியிருந்தது. கன்சோலை, அதாவது கட்டுப்பாட்டுப் பலகையை, எப்போது திறந்தாலும் 'ஹெல்தி' என்று பச்சை டிக். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை இரவு டிரில் பட்டனை அழுத்தினோம்.

ஹைதராபாத்தில் சர்வர் வந்தது. 'ரன்னிங்' என்றும் காட்டியது. எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தூரத்திலிருந்தே, உள்ளே நுழையப் பார்த்தால் பதிலில்லை. கன்சோல் வழியாக அதன் திரையைப் படமெடுத்துப் பார்த்தோம். கறுப்புத் திரை, எமர்ஜென்சி மோட், ரூட் (தலைமைப் பயனர்) பாஸ்வேர்டு கொடுத்தால்தான் மேலே போவேன் என்று நிற்கிறது. அந்த சர்வரில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைத்திருக்கவில்லை. உள்ளே போக வழியில்லை.

காரணம் ஒரே ஒரு வரி. மும்பை சர்வர் பழைய எம்4 வகை, ஓடுவது உபுண்டு லினக்ஸ். அதில் டேட்டா டிஸ்க்குக்கு எக்ஸ்விடிஎஃப் என்று பெயர். சர்வர் எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யாரோ எப்போதோ அந்தப் பெயரையே எழுதி வைத்திருந்தார்கள். டிஆர் மென்பொருள் ஹைதராபாத்தில் எழுப்பியது புதிய நைட்ரோ வகை சர்வரை. அங்கே டிஸ்க்குகள் என்விஎம்இ என்ற பெயரில்தான் வரும். எக்ஸ்விடிஎஃப்பைத் தேடிக் காத்திருந்து, கிடைக்காமல், லினக்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது.

மும்பையில் அந்த வரியை யூயூஐடிக்கு (சர்வர் மாறினாலும் மாறாத அடையாள எண்) மாற்றி, கூடவே டிஸ்க் கிடைக்காவிட்டாலும் நிற்காமல் மேலே போகச் சொல்லும் 'நோஃபெயில்' சேர்த்தோம். இரண்டு நிமிட வேலை. திருத்தமும் தானாகவே ரெப்ளிகேட் ஆகி ஹைதராபாத் போய்ச் சேர்ந்தது. அடுத்த டிரில்லில் சர்வர் ஒழுங்காக எழுந்தது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் மும்பைக்கு ஏதாவது ஆகியிருந்தால் எங்கள் கையில் எதுவும் இருந்திருக்காது என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பச்சை டிக் பொய் சொல்லவில்லை. டிஸ்க்கில் மாறிய ஒவ்வொரு பிளாக்கும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சேர்ந்ததை வைத்து ஒரு சர்வர் எழுமா, எழுந்தால் பில் போடுமா என்பது நாம் எழுப்பிப் பார்க்கும்வரை அதற்குத் தெரியாது. நான் பார்த்த டிஆர் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தில் முளைத்தவைதான்.

எங்கே வைக்கிறோம், யார் கணக்கில் வைக்கிறோம்

2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஹெச்கிளவுட் தரவு மையம் தீப்பிடித்தது. எஸ்பிஜி2 என்ற ஐந்து மாடிக் கட்டடம் முழுக்கப் போயிற்று. பக்கத்திலிருந்த எஸ்பிஜி1-இன் ஒரு பகுதியும் எரிந்தது. பேக்கப் எடுத்து வைத்திருந்தவர்கள் சிலருக்கே அன்று ஒன்றும் மிஞ்சவில்லை. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது.

ஒரே ரீஜியனுக்குள் இரண்டு அவைலபிலிட்டி ஸோன்களில் (தனித்தனித் தரவு மையங்கள்) சர்வர் வைத்துவிட்டு 'டிஆர் இருக்கிறது' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஒரு கட்டடம் போனால் அது காப்பாற்றும். ரீஜியன் முழுக்கத் திணறினால் காப்பாற்றாது. இந்தியாவிலேயே இப்போது தேர்வுகள் இருக்கின்றன. அமேசானுக்கு 2016 முதல் மும்பை, 2022 நவம்பர் முதல் ஹைதராபாத். மைக்ரோசாஃப்டின் அஸ்யூருக்குப் புனே, சென்னை, மும்பை. கூகுளுக்கு மும்பை, டெல்லி. ஹைதராபாத் ரீஜியன் அமேசான் கணக்கில் தானாகத் திறந்திருக்காது, நாமே போய் எனேபிள் செய்ய வேண்டும். பேரிடர் நாளில் அதைக் கண்டுபிடிப்பது கொடுமை. சிங்கப்பூர் சௌகரியம் என்று அங்கே கொண்டுபோவதற்கு முன், பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்ற 2018 ஏப்ரல் மாத ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை உங்களைக் கட்டுப்படுத்துமா என்று பாருங்கள்.

இடத்தைவிடக் கணக்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவன் நுழைந்து, பணம் கேட்டு மிரட்டி, சர்வர்கள், டிஸ்க்குகள், ஸ்னாப்ஷாட்டுகள் (டிஸ்க்கின் ஒரு நேரத்து நகல்கள்) என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழித்தான். பேக்கப்புகளில் பெரும்பாலானவையும் அதோடு போயின. நிறுவனம் மூடப்பட்டது. எத்தனை பிரதிகள் இருந்தாலும் ஒரே சாவி எல்லாவற்றையும் திறக்கும் என்றால் இதுதான் கதி. டிஆர் பக்கத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அதை அழிக்கும் உரிமை அன்றாட வேலை பார்க்கும் யாருக்கும் இருக்க வேண்டாம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் பிரைவேட் கிளவுடை கூகுளே தவறுதலாக அழித்துவிட்டது. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீண்டு வர அவர்களுக்குக் கைகொடுத்தது. எல்லோராலும் இரண்டு கிளவுட் வைத்துக்கொள்ள முடியாது, தெரியும். டேட்டாபேஸின் தினசரி பேக்கப்பை மட்டுமாவது வெளியே ஓரிடத்தில் போட்டு வைக்கலாம்.

ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகிவிடாது

எக்காரணம் கொண்டும் டிஆர் வந்துவிட்டது என்று பேக்கப்பை நிறுத்தாதீர்கள். ஒருவர் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் சில விநாடிகளில் அந்த அழிப்பும் ஹைதராபாத் போய்ச் சேரும். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் நிரல் நம் கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய கோப்புகள் அங்கே பத்திரமாக ரெப்ளிகேட் ஆகும். மென்பொருள் பழைய நேரப்புள்ளிகளையும் வைத்திருக்கும், உண்மைதான். கடைசி ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, அதன்பின் நாளுக்கு ஒன்று. ஆனால் நாள் கணக்கு இயல்பாக 7 தான். எட்டாம் நாள் கண்டுபிடித்த சேதத்துக்கு அதில் மருந்தில்லை.

பேக்கப் நிஜமாகவே ஓடுகிறதா என்பது அடுத்த கேள்வி. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்பகத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடிப் போனால் அது இருக்க வேண்டிய எஸ்3 பக்கெட் (அமேசானின் சேமிப்பிடம்) காலி. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது.

நான் ஏஜென்ட் போட்ட அன்றே ஒன்று செய்வேன். அதை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, யாருடைய செல்போனுக்கு, எத்தனை நிமிடத்தில் எச்சரிக்கை வருகிறது என்று பார்ப்பேன். வராத இடங்கள்தான் அதிகம்.

நிறுவும்போது

இந்தப் பகுதி ஆவணங்களில் தெளிவாகவே இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்டுக்கு 443, 1500 என்று இரண்டு டிசிபி போர்ட்டுகள் (நெட்வொர்க் வாசல்கள்) வெளியே திறந்திருக்க வேண்டும். 443 மட்டும் திறந்துவிட்டு ரெப்ளிகேஷன் ஏன் தொடங்கவில்லை என்று நாள் முழுக்க உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸில் ஓடும் கர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, பொருந்திய ஹெடர் கோப்புகள் வேண்டும். பாதுகாப்புக்காக டெம்ப் கோப்பகத்தை 'நோஎக்ஸெக்' (இங்கிருந்து எந்த நிரலும் ஓடக் கூடாது) என்று மவுன்ட் செய்திருந்தால் நிறுவல் தோற்கும்.

லைனின் அளவைக் கணக்குப் போடாமல் ஆரம்பிப்பது இன்னொன்று. அலுவலகத்தில் இருக்கும் 2 டிபி சர்வரை 100 எம்பிபிஎஸ் லைனில் அனுப்பினால், லைன் முழுக்க அதற்கே கொடுத்தாலும் முதல் நகல் போய்ச் சேர 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திங்கள்கிழமை காலையில் தொடங்கினால் அலுவலகமே நின்றுவிடும். வெள்ளி இரவு தொடங்குங்கள், வேலை நேரத்தில் வேகத்துக்கு வரம்பு போடுங்கள்.

அந்தப் பக்கத்து ரீஜியனில் எத்தனை விசிபியு (கிளவுடில் செயலித் திறனின் அலகு) வரை எழுப்பலாம் என்ற கோட்டாவையும் அன்றே பார்த்துவிடுங்கள். புதிதாகத் திறந்த ரீஜியனில் அது சிறியதாக இருக்கலாம், கூட்டித்தரச் சொன்னால் உடனே நடக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

ஒத்திகையே விபத்தாகும் இடம்

எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்திவிட்டு இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. டிரில்லில் எழும் சர்வர் மும்பை சர்வரின் அச்சு அசல் பிரதி. தான் பிரதி என்பது அதற்குத் தெரியாது. அதன் கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை) அப்படியே ஓடும், எஸ்எம்எஸ் கேட்வேயின் சாவி உள்ளேயே இருக்கும், மெயில் வரிசையில் காத்திருப்பவை புறப்படும்.

மேலே சொன்ன நிறுவனத்தின் இரண்டாவது டிரில்லில் சர்வர் எழுந்த மகிழ்ச்சியில் நாங்கள் இருந்தபோது, இரவு 9 மணி கிரான் ஓடி, பாக்கி வைத்திருந்த மருந்துக்கடைக்காரர்களுக்கெல்லாம் 'தங்கள் நிலுவைத் தொகை' என்ற எஸ்எம்எஸ் இரண்டு தடவை போனது. மும்பையிலிருந்து ஒன்று, ஹைதராபாத்திலிருந்து ஒன்று. இரவோடு இரவாகக் கட்டிவிட்டவர்கள் உட்பட நாற்பது பேர் மறுநாள் உரிமையாளரைக் கூப்பிட்டுக் கோபப்பட்டார்கள். எஸ்எம்எஸ்ஸோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். அது வங்கிக்குப் பணம் அனுப்பும் கோப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிரில் சர்வர் எழும் சப்நெட்டிலிருந்து, அதாவது நெட்வொர்க்கின் அந்தப் பிரிவிலிருந்து, வெளியே போக வழியே இருக்கக் கூடாது. இன்டர்நெட் கேட்வே வேண்டாம், உள்ளிருக்கும் சர்வரை இன்டர்நெட்டுக்குப் போகவிடும் நாட் (NAT) வேண்டாம், மும்பை நெட்வொர்க்கோடு இணைப்பும் வேண்டாம். வெளியே போகும் கதவை ஒவ்வொன்றாக, என்ன போகிறது என்று பார்த்துப் பார்த்துத் திறங்கள். முடிந்ததும் டிரில் சர்வர்களை அழிக்க மறக்காதீர்கள். மாதக் கடைசியில் பில்லில் வந்து நிற்கும்.

சர்வரைச் சுற்றி இருப்பவை

சர்வர் எழுந்த பிறகும் வேலை ஓடாமல் போகும். இ-இன்வாய்ஸ் ஏபிஐயை (மென்பொருளோடு மென்பொருள் பேசும் வழி) நேரடியாக எடுத்திருப்பவர்கள் மும்பை சர்வரின் ஐபி முகவரியைத்தான் பதிவு செய்திருப்பார்கள். வங்கியும் பேமென்ட் கேட்வேயும் அப்படியே. ஹைதராபாத் ஐபியை முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். இணையப் பெயரை ஐபியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில், பழைய பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400 என்று இருந்தால் பெயரை மாற்றிய பிறகும் சிலர் 24 மணி நேரம் பழைய சர்வரின் வாசலில்தான் நிற்பார்கள். அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இல் பெயருக்குப் பதில் சொல்லும் பகுதி உலகெங்கும் பரவியிருக்கிறது, ஆனால் பதிவை மாற்றும் பகுதி அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் இருக்கிறது. 2025 அக்டோபர் 20 அன்று அந்த ரீஜியன்தான் மணிக்கணக்கில் தடுமாறியது. கையால் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காமல், ஹெல்த் செக்கை வைத்துப் பெயர் தானே ஹைதராபாத் பக்கம் திரும்பும்படி முன்பே அமைத்துவிடுவது நல்லது.

டிஆருக்குப் போகலாம் என்று முடிவெடுப்பது யார்? மென்பொருள் நிறுவும் நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது; பிற்பகல் 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. டிஆர் தளம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை. அடுத்த மாதமே செபி விதியைக் கடுமையாக்கியது: முக்கிய அமைப்பு பாதிக்கப்பட்டால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீள வேண்டும். சின்ன நிறுவனத்துக்கும் இப்படி ஓர் எண்ணும் ஒரு பெயரும் வேண்டும். 'அரை மணி நேரம் பார்ப்போம், வராவிட்டால் இன்னார் சொல்வார், மாற்றுவோம்.' அந்த இன்னார் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். எழுதிய கோப்பு மும்பை சர்வரிலேயே இருந்தால் பயனில்லை; நாங்கள் அச்சடித்து உரிமையாளரின் மேஜையில் வைத்திருக்கிறோம்.

அந்த நிறுவனத்தில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரில். நிறுவியவன் என்பதால் நான் கீபோர்டைத் தொடுவதில்லை; அச்சடித்த தாளைப் பார்த்து அவர்களுடைய ஆள் செய்வார். சர்வர் எழுந்ததும் பில்லிங்கில் உட்காரும் அக்கா வந்து உள்ளே நுழைவார். சென்ற முறை அவர் முதலில் பார்த்தது கடைசி பில் எண்ணை. மும்பையில் 48,217, ஹைதராபாத்தில் 48,216.

"ஒரு பில் குறையுதே தம்பி. இது எந்தக் கடை பில்?"

நகல் சில விநாடிகள் பின்னால் வருவதால் ஒன்றிரண்டு பில் விடுபடலாம் என்று விளக்கினேன். அவர் தன் நோட்டை எடுத்தார். மாறிய உடனே வண்டியில் ஏற்றிய சரக்கோடு கடைசி ஐந்து பில்லையும் ஒப்பிட வேண்டும் என்று எழுதி, எங்கள் தாளில் பதினான்காவது வரியாக அதைச் சேர்க்கச் சொன்னார்.