"யாராவது ஒரு வகுப்பு எடுங்களேன்" என்று கேட்டால் ஏன் யாரும் வருவதில்லை?

ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் முப்பது சேர்ந்த வாட்ஸ்அப் குழு. "அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு யாராவது ஒரு வகுப்பு எடுக்க முடியுமா?" என்று போடுகிறீர்கள். இரண்டு கட்டைவிரல், ஒரு "நல்ல யோசனை", அத்தோடு சரி. உடனே யாருக்கும் அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தவறு கேட்ட விதத்தில் இருக்கிறது.

1968-இல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். இன்டர்காமில் ஒருவர் வலிப்பு வந்து தவிக்கும் குரல் கேட்கும். தன் காதில் மட்டும்தான் விழுகிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம்தான். வலிப்புக்கே இந்தக் கதி என்றால் ஓவிய வகுப்புக்கு யார் எழுந்து வரப்போகிறார்கள்? ஒருவரைப் பெயர் சொல்லி, தனியாகக் கேளுங்கள்.

தனியாகக் கேட்கும்போதும் "பாடம் எடுங்க" என்று ஆரம்பித்தால் போச்சு. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வந்தவர்களுக்கு அந்தச் சொல்லே கரும்பலகையைக் கண்முன் நிறுத்தும். சைக்கிள் பஞ்சரைத் தானே ஒட்டும் ஓர் அப்பாவிடம் "அறிவியல் வகுப்பு எடுங்க சார்" என்றால் நழுவிவிடுவார். "அன்னிக்கு டியூபைத் தண்ணியில அமுக்கி, குமிழி வர்ற இடத்தை உங்க பையனுக்குக் காட்டினீங்களே, அதையே இன்னும் அஞ்சு பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. முக்கால் மணி நேரம் போதும்" என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டை எது, காற்று ஏன் மேலே வருகிறது, பசை ஏன் காய வேண்டும் என்று மீதியைப் பிள்ளைகள் கேட்டே வாங்கிவிடுவார்கள்.

"எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது" என்பவரிடம் "அதெல்லாம் உங்களால முடியும்" என்று முதுகில் தட்டுவது அடுத்த தவறு. ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் அவர் சொன்னதை நாம் கேட்கவே இல்லை. எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளைகளின் கூச்சலாக இருக்கும், பதில் தெரியாத கேள்வியாக இருக்கும், இல்லையென்றால் சொந்தப் பிள்ளையாக இருக்கும். இந்த மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா பத்துப் பேருக்குப் பொதுவாகிவிட்டாள் என்று தெரிந்ததும், வீட்டில் சமர்த்தாக இருக்கும் குழந்தை மடியில் வந்து விழும், அல்லது எல்லாக் கேள்விக்கும் தானே பதில் கத்தும். அவனுக்குக் காகிதம் விநியோகிக்கும் வேலை கொடுங்கள், அல்லது வேறொரு பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூச்சலுக்கு, கூடவே நிற்க ஓர் ஆள் போதும். பதில் தெரியாவிட்டால் "தெரியல, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் முறையே மூன்று மாதத் தொடராகக் கேட்காதீர்கள். ஒரே ஒரு நாள். பொருள் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள். ஆறு வயதையும் பதின்மூன்று வயதையும் ஒன்றாக உட்கார வைத்து அவரிடம் விடாதீர்கள். அனுபவசாலிகளே அதில் திணறுவார்கள்.

அப்புறம், வகுப்பு முடிந்த சூட்டோடு யோசனை சொல்வது. நானே செய்திருக்கிறேன். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் "இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருக்கலாம்" என்றேன். சொன்னது சரிதான். அதற்குப் பிறகு அவர் வகுப்பே எடுக்கவில்லை. இப்போதெல்லாம் அன்றைக்கு எந்தக் குழந்தை என்ன சொன்னது என்பதை மட்டும் பேசுகிறேன். குறைகளை அடுத்த வகுப்புக்கு முந்தின நாள்தான் எடுப்பேன்.

எத்தனை கேட்டாலும் சிலர் வர மாட்டார்கள். முறைப்பட்டியல் போட்டு அவர்களைக் கட்டாயப்படுத்தினால், கடனே என்று ஒரு வகுப்பு நடக்கும். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். கைக்குழந்தை இருப்பதால் வகுப்பு எடுக்கத் தயங்கும் வேறோர் அம்மா இருப்பார். அந்த முக்கால் மணி நேரம் அவருடைய குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று வகுப்பு எடுக்க வராதவர்களிடம் கேளுங்கள்.