காற்றுக் காலத்தில் ரூட்டர் அணையாமல் இருக்க: மினி யூபிஎஸ் மாட்டும் முறை

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகள் நில்லாமல் சுற்றும். அதே காற்று தென்னை மட்டையைக் கம்பியில் தள்ளி நம் வீட்டுக் கரண்டைப் பறித்துவிடும். பல நேரம் ஒரே நிமிடத்தில் கரண்ட் வந்துவிடுகிறது. ஆனால் அணைந்த ரூட்டர் திரும்ப நெட் பிடிக்க இன்னும் சில நிமிடம் ஆகும். இதற்காக இன்வெர்ட்டர் வாங்க வேண்டாம், கரண்ட் போனதும் தன் பேட்டரியால் ரூட்டரை ஓட்டும் சின்னப் பெட்டியான மினி யூபிஎஸ் போதும்.

முதலில் ரூட்டர் அடாப்டரைப் புரட்டி 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், 9 வோல்ட் ரூட்டர்களும் உண்டு. யூபிஎஸ் தரும் வோல்ட் இதோடு அப்படியே பொருந்த வேண்டும். வயர் முனையில் உள்ள செருகும் பின்னின் அளவு பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் 12 வோல்ட் பின் 9 வோல்ட் ரூட்டரிலும் நன்றாகவே நுழையும், ஆபத்தே அங்குதான். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை. ரூட்டர் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். அப்புறம் வட்டமும் நடுவே புள்ளியுமாக உள்ள குறியைப் பாருங்கள். புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு + குறியில் முடிந்தால் பின்னின் உள்பக்கம் பாசிட்டிவ். யூபிஎஸ்ஸிலும் அதே குறி இருக்க வேண்டும்.

அடுத்து, எவ்வளவு நேரம் தாங்கும்? பெட்டியில் பேட்டரியின் கொள்ளளவாக 6000 எம்ஏஎச் (அதாவது 6 ஆம்பியர்-அவர்) என்று போட்டிருப்பதை நம்பி 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போடாதீர்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. 6 × 3.7 = 22.2 வாட்-அவர். வோல்ட்டை ஏற்றும்போது வீணாவதைக் கழித்தால் சுமார் 19. ரூட்டர் 6 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். காற்றில் போகும் கரண்டுக்கு இது தாராளம். காலையில் நிறுத்தி மாலை தரும் பராமரிப்பு நாளுக்குப் பற்றாது.

மாட்டுவது சுலபம். அடாப்டரின் பின்னை யூபிஎஸ் 'இன்' துளையிலும், கூடவே வரும் வயரை 'அவுட்' துளையிலிருந்து ரூட்டருக்கும் செருகுங்கள். பழைய அடாப்டர் 1 ஆம்பியர் என்றால் அதே வோல்ட்டில் 2 ஆம்பியர் வாங்குவது நல்லது. ரூட்டரை ஓட்டிக்கொண்டே பேட்டரியையும் ஏற்ற வேண்டுமே. வீட்டில் சும்மா கிடக்கும் பவர் பேங்க் ஆகாதா என்றால், பல பவர் பேங்குகள் சார்ஜ் நின்றதும் ஒரு கணம் வெளியே தரும் மின்சாரத்தை நிறுத்திவிடும். ரூட்டர் அணைய அந்த ஒரு கணம் போதும்.

முழுதாகச் சார்ஜ் ஏறியதும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ரூட்டர் விளக்குகள் ஒரு கண் சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்தால் சரி. நெட் வரும் பைபர் கேபிளை மாட்டும் பெட்டி ரூட்டரோடு சேராமல் தனியாக இருந்தால் அதற்கும் இதே ஏற்பாடு வேண்டும். யூபிஎஸ்ஸை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், நம்மூர் வெயிலில் செல் சீக்கிரம் கெடும். யூபிஎஸ் பெட்டி உப்பினால் உடனே கழற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கரண்ட் போகும்போது பைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிகிறதா? கேபிள்காரர் பக்கம் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அவருக்குத்தான் போன் போட வேண்டும்.