காதில் மாட்டி ஐந்தே நிமிடத்தில் மார்க் போடாதீர்கள்: ஹெட்போன்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கச்சி மகன் இரண்டு ஹெட்போன்களோடு வீட்டுக்கு வந்தான். ஒன்று அவனுடையது, இன்னொன்று சிநேகிதனிடம் இரவல் வாங்கியது. "மாமா, ரெண்டையும் கேட்டுப் பாருங்க. என்னுதுல பேஸ் இடி இறங்குத மாதிரி கேக்கு" என்றான். மாட்டிப் பார்த்தேன். அவன் சொன்னபடிதான் இருந்தது. அப்புறம் இரவல் ஹெட்போனின் வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றிவிட்டு அவனிடம் நீட்டினேன். அரை நிமிடம் கண்ணை மூடிக் கேட்டான். "மாமா, இப்ப இதுதான் நல்லாருக்கு!"

அவன் காதில் ஒரு குறையும் இல்லை. எல்லோருடைய காதும் அப்படித்தான். ஒரே பாட்டைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் கேட்டால், சத்தம் கூடியிருக்கிறது என்று நமக்குத் தோன்றாது. தெளிவாக இருக்கிறது, பேஸ் நிறைவாக இருக்கிறது என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் இதை அளந்தே காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸ் என்று நாம் சொல்லும் அடி சுரங்களும் உச்சியில் உள்ள சுரங்களும் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. சத்தம் ஏற ஏற அவை மேலே எழும்பி வருகின்றன. ஆகவே வால்யூமைச் சமப்படுத்தாமல் போடுகிற எந்த வரிசையும் எது சத்தமாக ஒலிக்கிறது என்பதன் வரிசைதான். என்னைக் கேட்டால், ஹெட்போன் ஒப்பீட்டில் நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான்.

நான் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், சில நாள் பத்து மணி நேரம் ஹெட்போன் தலையிலேயே இருக்கும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது பாட்டை இல்லை, வெறும் பேச்சுப் பதிவை. ஒரு ஹெட்போனை மாட்டி, எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுகிற அளவுக்கு வால்யூமை வைப்பேன். அடுத்ததை மாட்டி, அதே குரல் அதே அளவில் கேட்கும்வரை கூட்டிக் குறைப்பேன். மூன்று நான்கு தடவை மாற்றி மாற்றிப் பார்த்து, எதற்கு எத்தனை புள்ளி என்று தாளில் குறித்துக்கொள்வேன். போனில் இருக்கிற ஈக்குவலைசர், டால்பி, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பாட்டு அதற்கப்புறம்தான்.

எந்தப் பாட்டு என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு, அந்தக் கடையில் இருக்கிற ஹெட்போனை நன்றாகக் காட்டும் பாட்டு. நமக்கு வேண்டியது, நேரில் எப்படி ஒலிக்கும் என்று நாம் அறிந்த ஒன்று. என்னிடம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடையில் நானே பதிவு செய்த வில்லுப்பாட்டு இருக்கிறது. மேடைக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்டதால் அந்த ஒலி நேரில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஹெட்போனைச் சோதிக்க வில்லுப்பாட்டை விடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. குடத்தின் வாயில் அடி விழும்போது 'பும்' என்று ஒன்று வயிற்றில் இறங்கும், உடனே அடங்கவும் செய்யும். நல்ல ஹெட்போனில் அந்த அடக்கம் கேட்கும். பேஸைக் கண்டபடி ஏற்றிய ஹெட்போனில் அடங்காமல் நீண்டுபோய், பாடுகிறவரின் சொல்லை விழுங்கிவிடும். உடுக்கை நடுவில் நின்று பேசும். வீசுகோல் பட்டதும் வில்லின் மணிகள் கலகலக்கும். மேல் சுரங்கள் கூர்மையாக்கப்பட்ட ஹெட்போனில் அந்த மணிகள் எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்த மாதிரி காதைக் குத்தும். பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுகிற இடத்தையும் கவனியுங்கள். மூன்று பேர் சொன்னால் மூன்று குரலாகக் கேட்க வேண்டும். குழைந்து ஒரே குரலாகிவிட்டால் அந்த ஹெட்போனை நான் கீழே இறக்கிவிடுவேன்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். ஒலிக்கு ஒரு மார்க், வசதிக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். இரண்டும் தனித்தனி இல்லை. ஹெட்போன் காதில் எப்படி உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒலியே அமைகிறது. காதுக்குள் செருகும் இயர்போனில் ரப்பர் துளையை முழுதாக அடைக்காவிட்டால் முதலில் காணாமல் போவது பேஸ். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புது இயர்போன் வாங்கி, "தகர டப்பாவில் கேட்ட மாதிரி இருக்கு தம்பி, திருப்பிக் கொடுத்திரலாமா?" என்று கொண்டுவந்தார். பெட்டியில் வரும்போதே மாட்டியிருந்த நடுத்தர ரப்பரைத்தான் போட்டிருந்தார். பெரியதும் சிறியதும் கவர் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. "சார், இடது காதுக்கு மட்டும் பெரியதை மாட்டிப் பாருங்க" என்றேன். மாட்டியதும் அவர் முகம் மாறியது. இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பலருக்கு இருப்பதும் இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால், இதுவரை அது சரியாக அடையவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஒரு கோவில்பட்டி கடலை மிட்டாயை வாயில் போட்டு மெல்லுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் அசையும். அந்த அசைவில் பேஸ் விட்டு விட்டுக் கேட்டால் ரப்பரை மாற்றிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓர் இயர்போனை 'பேஸ் இல்லை' என்று தள்ளுவது அதற்குச் செய்கிற அநியாயம்.

பெரிய ஹெட்போனில் இதே வேலையைக் கண்ணாடி செய்யும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பு குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளி விட்டுவிடும், பேஸ் அந்த வழியாகக் கசியும். கண்ணாடி போடாத ஒருவர் எழுதிய வரிசை கண்ணாடி போடுகிறவருக்குப் பொருந்தாமல் போக இது ஒன்றே போதும். காதணியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் மனைவி தோடு போடுகிறவள். காதின் மேல் உட்காரும் சின்ன ஹெட்போன் எதுவானாலும் கால் மணி நேரத்தில் தோட்டின் திருகாணி பின்னால் குத்தும். காதைச் சுற்றி உட்காரும் பெரியதில் அந்தத் தொல்லை இல்லை. பின்னல் போட்டிருந்தால் தலைப்பட்டை எங்கே உட்காருகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். நான் அருமையானது என்று சொன்ன ஒன்றை அவள் ஒருநாள்கூடத் தொடர்ந்து போட்டதில்லை. அது அவளுக்கு நல்ல ஹெட்போன் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒலிக்கு ஒன்பது, வசதிக்கு நாலு, சராசரி ஆறரை என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு பாடத்தில் அரியர் இருந்தால் மற்றப் பாடங்களில் எத்தனை மார்க் வாங்கினாலும் டிகிரி கையில் வராது. வசதியும் அந்த மாதிரிப் பாடம். முதலில் அதில் தேறட்டும், அப்புறம் ஒலியில் வரிசைப்படுத்தலாம்.

வசதியைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதாது. குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது தொடர்ந்து போட்டிருக்க வேண்டும். எடைக் குறிப்பை மட்டும் பார்ப்பதும் தவறு. 250 கிராம் ஹெட்போன் எடையைத் தலை முழுக்கப் பரப்பி உட்கார்ந்தால் தெரியவே தெரியாது. அதைவிட லேசான ஒன்று உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் வலி வந்துவிடும். பக்கவாட்டு இறுக்கம் இன்னொன்று. இறுக்கம் குறைந்தால் குனியும்போது நழுவும், கூடினால் தாடை ஓரம் நோகும். நம் ஊரில் வெயிலையும் சேர்க்க வேண்டும். குளிர்நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் 'மெத்து மெத்தென்ற ரெக்சின் குஷன்' என்று புகழ்ந்து எழுதியது அங்கே உண்மையாகவே இருக்கலாம். திருநெல்வேலிச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், அதே குஷனுக்குள் இருபது நிமிடத்தில் காது வெந்துவிடும். வியர்வை ஊறி ஊறி ரெக்சின் உரிந்து, கறுப்புத் துகள் கன்னத்தில் ஒட்டும். துணிக் குஷன் வெப்பத்துக்கு நல்லது. ஆனால் அதை மாட்டினால் பேஸ் கொஞ்சம் கசியும். பார்த்தீர்களா, வசதியைத் தொட்டால் ஒலி மாறுகிறது.

ஒலிக்கான நினைவு மிகக் குறுகியது. ஓர் ஒலியின் நுணுக்கம் சில விநாடிகளுக்கு மேல் மனதில் தங்காது. நேற்று வண்ணார்பேட்டைக் கடையில் கேட்டதையும் இன்று வீட்டில் கேட்டதையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது பெரும்பாலும் கற்பனைதான். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, பாட்டின் ஒரே இடத்தைப் பத்து விநாடி மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். வேறுபாடு தெரிய அதுதான் வழி. ஆனால் அதோடு நிறுத்தினாலும் ஏமாற்றம்தான். பளிச்சென்ற ஹெட்போன் பத்து விநாடியில் ஜெயித்துவிடும், ஒரு மணி நேரத்தில் காதைக் களைக்க வைக்கும். அதனால் மாற்றி மாற்றிக் கேட்பதும் வேண்டும், இரண்டு மூன்று நாள் அதனோடு பழகுவதும் வேண்டும். பேஸ் மிகுந்த ஒன்றைக் கழற்றிய கையோடு வேறு எதை மாட்டினாலும் சோனியாகத்தான் கேட்கும். நடுவில் சில நிமிடம் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

கேட்கிற இடமும் வரிசையை மாற்றும். கடையில் வெளியே பஸ் சத்தம், உள்ளே ஸ்பீக்கர். அந்த இரைச்சல் அடி சுரங்களை மூடிவிடும் என்பதால் பேஸ் ஏற்றிய ஹெட்போன்தான் அங்கே ஜெயிக்கும். இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்சி வசதி, நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்திருக்கும்போது கேட்கிற ரயிலின் ஒரே சீரான உறுமலையும் பஸ் எஞ்சினையும் மின்விசிறியையும் நன்றாக அடக்கும். பக்கத்து சீட்டுப் பேச்சையும் கண்டக்டர் விசிலையும் அந்த அளவுக்கு அடக்காது. பேச்சை அடக்கவில்லை என்று அதற்கு மார்க் குறைப்பது சரியில்லை. காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை அடைக்காமல் விட்ட, முதுகு திறந்த ஹெட்போனும் அப்படித்தான். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றில் ஒலி இயல்பாக, காற்றோட்டமாக இருக்கும், வெப்பமும் குறைவு. ஆனால் மிக்ஸி ஓடுகிற வீட்டில் மிக்ஸிதான் கேட்கும். அதோடு எச்டி 600 மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு (இம்பீடன்ஸ்) 300 ஓம். சாதாரண போனில் செருகினால் சத்தமே ஏறாது. அதை வைத்து 'உயிரில்லை' என்று எழுதினால் அது போனைப் பற்றிய தீர்ப்பு. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று வெவ்வேறாகக் கிடைக்கிறது. எதைப் பற்றிய மதிப்புரையைப் படிக்கிறோம் என்று பார்க்காமல் வாங்குகிறவர்கள் நிறைய.

பெட்டியில் அச்சடித்த எண்களைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 50 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலியை எழுப்பும் பாகம்) 40ஐ விட நல்லது என்று விதி ஒன்றும் இல்லை. 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பார்கள். மனிதக் காதின் எல்லை 20,000தான், வயது ஏற ஏற அதுவும் இறங்கும். விலையும் அப்படியே. ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்து, விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும், அதாவது அடி, நடு, உச்சி சுரங்கள் எந்த அளவில் ஒலிக்கின்றன என்பதற்கும், தொடர்பு இல்லை என்று 2017இல் எழுதினார். ஆனால் விலை நம் கண்ணில் பட்டுவிட்டால் காது அதன் பக்கம் சாய்ந்துவிடும். முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வேறு யாராவது மாட்டிவிடட்டும்.

புளூடூத் ஹெட்போனில் போன் பேசும்போது ஒலி மட்டமாகிறது என்று மார்க் குறைக்கிறவர்களுக்கு ஒன்று. மைக் திறந்ததும் பல ஹெட்போன்களில் இணைப்பு பேச்சுக்கான தாழ்ந்த தரத்துக்கு மாறிவிடுகிறது, பாட்டின் தரத்தை அதை வைத்து அளக்கக் கூடாது. புளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தோடு அனுப்பும் எல்டிஏசி முறை இருக்கிறது என்று கூடுதல் விலை கொடுக்கும் முன், உங்கள் போன் ஐபோனா என்று பாருங்கள். ஐபோன் அதை ஏற்பதில்லை.

சோதிக்கும் ஆர்வத்தில் வால்யூம் ஏறிக்கொண்டே போகும், அதைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் அது வாரம் நாலே மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

தங்கச்சி மகன் அன்று கொண்டுவந்த அவனுடைய ஹெட்போனை, வால்யூமைச் சமப்படுத்தி வில்லுப்பாட்டைப் போட்டுக் கேட்டபோது குடத்தின் ஒலி நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் இடப்பக்கக் குஷன் ஓரம் பிய்ந்து, உள்ளே ஸ்பாஞ்சு தெரிந்தது. புதுசையும் பிய்ந்ததையும் பக்கத்தில் வைத்து வரிசை போடுவது நியாயமில்லை என்று அதோடு விட்டுவிட்டோம். அந்த மாடலுக்கே உரிய குஷனை வரவழைத்தோம். தடிமன் மாறினாலே டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி ஒலி வேறாகிவிடும், கிடைத்ததை மாட்ட முடியாது. அது வந்துசேர ஆனி பிறந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கி, இங்கேயும் காற்று குளுகுளுவென்று இருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அவன் நோட்டில் நடுவே கோடு போட்டு, காலேஜ் பஸ்ஸுக்கு இரவல் ஹெட்போனை முதலாவதாகவும், ராத்திரி வீட்டில் கேட்கத் தன்னுடையதை முதலாவதாகவும் எழுதினான்.